மாமா கேட்ட டிரா

கடையில் அலமாரியின் மேல்தட்டில், ஆயில் சீல் டப்பாக்களுக்கு நடுவே, ஒரு செஸ் கடிகாரம் இருக்கிறது. மோட்டார் ரீவைண்டிங் கடையில் அதற்கு என்ன வேலை? காயில் எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "இன்னாண்ணா இது, ரெண்டு மூஞ்சி கடியாரம்? ஒரு பக்கம் நம்மூரு டைம், ஒரு பக்கம் துபாய் டைமா?" என்று கிண்டல் செய்வார்கள். "மச்சான்து" என்பேன். அதற்கு மேல் கேட்டால் எரிந்து விழுவேன். எனக்கு முன்கோபம் என்று உத்திரமேரூர் கடைத்தெருவுக்கே தெரியும் என்பதால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அது கோபமே இல்லை, அந்தக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. மாமனார் வீடு சாலவாக்கம் பக்கம். ஏரித் தண்ணீரில் நெல் வைக்கிற குடும்பம். இவன் மட்டும் டிப்ளமா படித்துவிட்டு ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறான். ஊரடங்கு வந்தபோது அக்காவைப் பார்க்க வந்தவன் எங்கள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டான். கடையும் மூடி, கம்பெனியும் மூடி, ஒருவர் மூஞ்சியை ஒருவர் எத்தனை நாள்தான் பார்ப்பது? பையிலிருந்து சுருட்டி வைத்த செஸ் விரிப்பை எடுத்துப் பரப்பி எனக்கு ஆடச் சொல்லிக்கொடுத்தான். நாற்பது வயதுக்கு மேல் பிடித்த பைத்தியம் லேசில் விடாது என்பார்கள். என்னை விடவில்லை.

சொல்லிக்கொடுத்தவனையே உடனே ஜெயித்துவிடவேண்டும் என்ற திமிர் எனக்கு. ஒருநாள் அடுத்தடுத்துத் தோற்ற ஆத்திரத்தில் விரிப்பை இழுத்துக் கவிழ்த்துவிட்டேன். குதிரை ஒன்று பறந்துபோய் மனைவி கரைத்து வைத்திருந்த இட்லி மாவில் விழுந்தது. "தோத்தா தோத்துட்டேன்னு சொல்லு. காயை இன்னாத்துக்கு எறியற? சின்னப் புள்ளையா நீ?" என்று அவள் போட்ட கூச்சல் பக்கத்து வீட்டுக்கும் கேட்டது. விஷயம் எப்படியோ மாமனார் காதுக்கும் போய்விட்டது. அவர் மகனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து நானே கேட்டேன்.

"டேய், அக்கா புருசங்கிட்ட போயி இன்னாத்துக்குடா ஜெயிக்கிற? வூட்டு மாப்ளடா அவரு."

எங்கள் பக்கத்தில் அது வேடிக்கைப் பேச்சு இல்லை. மாப்பிள்ளை உள்ளே நுழைந்தால் மச்சான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பான். மாப்பிள்ளை கை நனைக்காமல் மற்றவர்கள் கை நனைக்கமாட்டார்கள். மாப்பிள்ளை வாய்விட்டு ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்ற சொல் அந்த வீட்டில் எழாது. அதனால் கேட்கிறவன்தான் பார்த்துக் கேட்கவேண்டும். என் கல்யாணத்தன்று என் அப்பா காதோடு சொன்ன ஒரே புத்திமதி அதுதான். "குடுக்கறவங்களுக்கு அளவு தெரியாதுடா. கேக்கற நீதான் தெரிஞ்சிக்கணும்."

போனில் மாமனார் போட்ட சத்தத்துக்குப் பிறகு எங்கள் ஆட்டங்களுக்கெல்லாம் ஒரே முடிவுதான். மச்சான் என் ராஜாவை மூலையில் கட்டிப்போடுவான். இன்னும் நாலு நகர்த்தலில் கதை முடிந்தது என்கிற இடத்தில் நிறுத்திக்கொண்டு, சிரித்தபடி, "டிரா வெச்சிக்கலாமா மாமா?" என்பான். டிரா என்றால் ஜெயித்தவனும் இல்லை, தோற்றவனும் இல்லை, ஆளுக்கு அரைப் புள்ளி. நானும் போனால் போகிறது என்கிற மாதிரி கை கொடுப்பேன். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று திரிந்தவன் நான்.

எனக்குத்தான் அது பொழுதுபோக்கு. அவனுக்கு அப்படி இல்லை. ஷிஃப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் வாயைப் பிளந்து தூங்க, இவன் போனில் யாரோ ஆடிய ஆட்டத்தை நகர்த்திப் பார்த்துக்கொண்டு வருவான். ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டிலோ போட்டி இருந்தால் கடிகாரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவன் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அந்தக் கடிகாரம்தான். மாமனாருக்கு அது கண்ணில் விழுந்த தூசி. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வயலுக்கு மகன் கிடைப்பான். "கட்டைய நவுத்திக்கினு இருந்தா பொயப்பு நவுருமாடா?" என்பார்.

கடைசியில் அப்பனும் மகனும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மார்கழியில் எங்கள் உத்திரமேரூரிலேயே ஒரு போட்டி நடக்கப்போவதாக நோட்டீஸ் வந்திருந்தது. முதல் நாலு இடத்துக்குள் வருகிறவர்கள் மாவட்டத்தின் சார்பாக வெளியூரில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம்.

"அந்த நாலுல ஒருத்தனா வந்துட்டீனா ஞாயித்துக்கெயம ஒன்னுது. நான் வாயே தொறக்க மாட்டேன். வரலைன்னா எல்லாத்தயும் மூட்ட கட்டி வெச்சிட்டு வயலப் பாரு. சரியா?" என்றார் மாமனார்.

"சரிப்பா," என்றான் அவன்.

இந்தப் பேச்சு நடந்தபோது நான் அதே கூடத்தில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தேன். ஆகவே எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

நானும் பேர் கொடுத்தேன். எதற்கு? ஆசை வெட்கம் அறியாது, அதற்குத்தான். மார்கழியில் கல்யாணம் கிடையாதென்பதால் மண்டபம் சும்மா கிடந்தது. மேடையில் போன முகூர்த்தத்துத் தெர்மகோல் இதயம் பாதி பிய்ந்து தொங்க, கீழே சாப்பாட்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு வரிசையாக செஸ் விரிப்புகள். செருப்பை எல்லோரும் வாசலிலேயே விடவேண்டும். உள்ளே நுழைந்து பார்த்தால் முக்கால்வாசி வாண்டுகள். முதல் நாள் எனக்கு எதிரே உட்கார்ந்த பெண்ணுக்குக் கால் தரைக்கு எட்டவில்லை. ஆட்டிக்கொண்டே என் கதையை முடித்துவிட்டு, "நல்லா ஆடுனீங்க அங்கிள்" என்று ஆறுதல் வேறு சொன்னாள். அட, எனக்கு வந்த கோபத்துக்குக் கவிழ்க்க அங்கே என் வீட்டு விரிப்பு இல்லை!

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொடக்கம்தான். லண்டன் சிஸ்டம் என்று பேர். மச்சான் சொல்லிக்கொடுத்தது. வெள்ளைக் காயில் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளு. அடுத்த வேலையாக, குறுக்குவாட்டில் போகும் பிஷப்பை வெளியே கொண்டுபோய் நிறுத்து. அப்புறம் சிப்பாய்களை வைத்து வேலி கட்டு. எதிராளி எதை ஆடினாலும் நாம் நம் பாட்டுக்கு இதையே ஆடலாம். என்னைப் போன்ற சோம்பேறிகளுக்கென்றே யாரோ புண்ணியவான் கண்டுபிடித்தது.

"இதுல ஒண்ணே ஒண்ணுதான் மாமா பேஜாரு," என்று அவன் அப்போதே சொல்லியிருந்தான். "பிஷப் வெளிய பூட்டதால, உள்ள குதிரைக்கு முன்ன நிக்கிற சிப்பாய்க்குக் காவல் கெடையாது. எதிர்ல ஆடறவன் ஒங்க ராணிக்கு எதுக்க ஒரு பிஷப்ப சும்மா கொண்டாந்து வெப்பான். ஓசியில கெடைக்கிற மாதிரி இருக்கும். அத்த மட்டும் எடுக்காதீங்க. ஒங்க ராணி அத்த எடுக்கப் போனா அவன் ராணி அந்த சிப்பாய் வழியா உள்ள பூந்து யானையத் தூக்கிக்கினு பூடும். பேசாம ராணியப் பின்னால இஸ்துக்கோங்க."

விரிப்பில் காய்களை வைத்துத் திரும்பத் திரும்பக் காட்டினான். நானும் திரும்பத் திரும்பத் தலையாட்டினேன்.

இரண்டாம் நாள் எனக்கு அதிர்ஷ்டம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. நான் தோற்றுக்கொண்டிருந்த ஒரு ஆட்டத்தில் எதிராளியின் சட்டைப் பையில் போன் அடித்துவிட்டது. போன் அடித்தால் ஆட்டம் போச்சு, விதி அப்படி. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு போனார், நான் ஒரு புள்ளியை வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். புள்ளி நெருக்கமாக இருப்பவர்களைத்தான் மோதவிடுவார்கள், அப்படி ஏறியதில்தான் வினை. கடைசிச் சுற்றுக்கு யாரோடு யார் என்று கம்ப்யூட்டரில் எடுத்துச் சுவரில் ஒட்டினார்கள். ஒரே வரியில் நானும் மச்சானும். எனக்கு வெள்ளைக் காய்.

"அய்யய்யோ மாமா," என்றான் அவன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மண்டபத்துக்குப் பின்னால் சமையல் கொட்டகையில் நின்று டீ குடித்தோம். அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். "ஜெயிச்சா நாலுக்குள்ள வந்துடுவேன் மாமா. டிரா ஆனாக்கூட வேலைக்காவாது." டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னான்: "இன்னிக்கி ஒரு ஆட்டம் மட்டும் இந்த மாமா மச்சான் மொறைய செருப்பாட்டம் வாசல்லயே உட்டுட்டு உள்ள போலாமா? நீங்களும் ஒயுங்கா ஆடுங்க. நானும் ஒயுங்கா ஆடறேன்."

"டேய், நீ இன்னாடா எங்கிட்ட பர்மிஷன் கேட்டுக்கினு. அடி, நான் சொல்றேன்," என்று முதுகில் தட்டினேன். மனசாரத்தான் சொன்னேன். அந்த நிமிடத்தில் அது பொய் இல்லை. அதை நினைத்தால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு மாமனார் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. கூடவே என் மனைவி, மாமனாரோடு ஊரிலிருந்து வந்த இரண்டு பேர். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் ஜன்னல் ஓரமாக நின்றார்கள். எங்கள் மேசை அந்த ஜன்னலுக்கு நேர். "ஒரு பக்கம் என் மகன், ஒரு பக்கம் என் மாப்ள," என்று அவர் கூட வந்தவர்களுக்குக் காட்டுவது கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

மேசையில் அவனுடைய கடிகாரம்தான். காயை நகர்த்தியவர் தன் பக்கத்தை அழுத்தினால் எதிராளியின் நேரம் ஓடத் தொடங்கும். கை கொடுத்தோம், நான் சிப்பாயைத் தள்ளினேன், பிஷப்பை வெளியே விட்டேன். வழக்கமான லண்டன். அவன் ராணியைக் கொண்டுவந்து என் சிப்பாயை முறைத்தான், நான் என் ராணியை எதிரே வைத்தேன், அவன் ஒரு சிப்பாயைத் தள்ளி என் ராணியை விரட்டினான், நான் ஒரு கட்டம் பின்வாங்கினேன். எல்லாம் எங்கள் கூடத்தில் நூறு முறை ஆடியதுதான். அப்போது அவன் ஒரு பிஷப்பை எடுத்து என் ராணிக்கு எதிரே வைத்தான். அதற்குக் காவல் யாரும் இல்லை.

எனக்குக் கண் தெரியவில்லை. ஜன்னலில் மாமனார், மாமனார் பக்கத்தில் ஊர்க்காரர்கள், எதிரே ஓசியில் ஒரு பிஷப். எடுத்தேன். ஜன்னலில் இருப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று கொஞ்சம் உயரமாகவே தூக்கி எடுத்தேன். அந்தப் பிஷப் உள்ளங்கைக்குள் வந்த பிறகுதான், "அத்த மட்டும் எடுக்காதீங்க" என்று அவன் சொன்னது மண்டையில் அடித்தது. ஆனால் தொட்ட காயை விடமுடியாது. போட்டியில் தொட்டால் தொட்டதுதான்.

நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். பொறியில் எலி விழுந்த சந்தோஷம் அந்த முகத்தில் துளியும் இல்லை. நெருப்பில் கை வைக்கப்போகிற குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். நான் எடுக்கமாட்டேன், ராணியைப் பின்னால் இழுத்துக்கொள்வேன், அப்புறம் நெடுநேரம் ஒழுங்கான ஆட்டம் ஆடலாம் என்று நம்பித்தான் அதை வைத்திருக்கிறான். அவனுடைய ராணி உள்ளே புகுந்தது. சிப்பாய் போனது, அதன் பின்னால் மூலையில் நின்ற யானையும் போனது.

அதற்குப் பிறகு நான் ஆடியதெல்லாம் ஆட்டமே இல்லை. தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டது. ஜன்னலில் ஊர்க்காரர் ஒருவர் கிசுகிசுவென்று, "யாரு ஜெயிக்கிறது?" என்று கேட்டார். செஸ்ஸில் எந்தக் காய் எப்படிப் போகும் என்று தெரியாத என் மாமனார், "எங்க மாப்ளதான். பாத்தீல்ல, மொதல்ல அவருதான் வெட்டுனாரு," என்றார்.

அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது என்று கொஞ்ச நாள் அவர்மேல் பழியைப் போட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. கெட்டது நானேதான். ஒரு சிப்பாயை ஒப்புக்கு நகர்த்திவிட்டு, கடிகாரத்தை அழுத்தாமல், கையை விரிப்புக்கு மேலே நீட்டினேன்.

"டிரா வெச்சிக்கலாமா மச்சான்?"

அவன் வீட்டில் எனக்குச் சொல்லும் அதே சொல், அதே இழுப்பு. போட்டியில் டிரா கேட்பது தப்பில்லை. வாயால் கேட்கலாம், எதிராளி வேண்டாம் என்று அடுத்த காயை நகர்த்திவிட்டுப் போகலாம். யாரும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. நான் நீட்டினேன். அப்பா, அக்கா, ஊர்க்காரர்கள் பார்க்க நீட்டிய மாமாவின் கையை அவனால் அந்தரத்தில் விடமுடியாது என்று எனக்குத் தெரியும். மறுத்துவிடுவான் என்று நினைத்துத்தான் சும்மா கேட்டேன் என்று பிற்பாடு எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். பொய். சுத்தப் பொய்.

அவன் கையைப் பார்த்தான். பிறகு விரிப்பைப் பார்த்தான். வாய் திறந்து எதையோ சொல்லப்போய் ஜன்னலைப் பார்த்தான். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

நடுவர் அம்மா வந்து எட்டிப் பார்த்தார். காய்களைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "நிஜமாவா தம்பி? நல்லா பாத்துட்டியா?" என்றார்.

"ஆமா மேடம். டிராதான்," என்று கையெழுத்துப் போட்டான்.

முடிவு ஒட்டியபோது அவன் ஐந்தாம் இடம்.

மாமனாருக்கு அன்று இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. நாலுக்குள் வரவில்லை என்பது அவருக்கு ஒரு வகையில் நிம்மதி. அதோடு மாப்பிள்ளையும் மகனும் அடித்துக்கொள்ளாமல் கை குலுக்கி எழுந்தது இன்னொரு பெருமை. "குடும்பம்னா இப்டி இருக்கணும்," என்று கூட வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தார். வாசலில் குவிந்திருந்த செருப்புகளுக்குள் அவன் தன்னுடையதைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டான். என்னுடையதையும் எடுத்து என் காலருகே வைத்தான். மாமா என்கிற செருப்பை மட்டும் நான் உள்ளே போகும்போது கழற்றவே இல்லை என்பது அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வரும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி கேட்டாள். "என் தம்பி தோத்தா வூட்ட ரெண்டு பண்ணுவான். இன்னிக்கி தோக்கல. ஆனா மூஞ்சி செத்துப் போயி கீது. நீ ஏதாச்சும் பண்ணியா?"

"நான் இன்னாடி பண்ணேன்? அவனே கை குடுத்தான், நானும் குடுத்தேன்!" என்று கத்தினேன். கத்தின வேகத்திலேயே அவளுக்குப் புரிந்திருக்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பதை அவள் என்னிடம் எத்தனை வருடமாகப் பார்த்துவருகிறாள்! அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் அவன் கடைக்கு வந்து கடிகாரத்தை மேசைமேல் வைத்தான். "இங்க இருக்கட்டும் மாமா. கஸ்டமர் யாராச்சும் ஆடுனா வெச்சிக்கினு ஆடுங்க. எனக்கு இனிமே எங்க?" குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. அப்படி இருந்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை கத்தி ஆற்றிக்கொண்டிருப்பேன். நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டானாம். ஞாயிற்றுக்கிழமை வயல். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். எங்கள் வீட்டுக்கு வந்தால் அக்காவோடு பேசுவான், சாப்பிடுவான், நான் உள்ளே வந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பான். அந்த எழுந்திருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "உக்காருடா, உக்காருடா" என்று அதட்டுவேன். அதற்கும் எழுந்து நின்றே சிரிப்பான்.

இப்படியே ஆனி மாதம் வந்துவிட்டது. சாலவாக்கத்திலிருந்து ஒருவர் சப்மெர்சிபிள் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். வழக்கம்போல மேலே பார்த்தார். ஆனால் அவர் கிண்டல் செய்யவில்லை.

"இதான் அந்தக் கடியாரமா? நீங்க பெரிய மனுசன்ணா. ஜெயிக்கிற ஆட்டத்த மச்சானுக்காக விட்டுக் குடுத்தீங்களாமே."

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். "யாரு சொன்னது?"

"ஒங்க மாமனாரு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரே. ஒங்க மச்சானே சொன்னானாம். மாமா ஜெயிச்சிட்டாருப்பா, நான் தோத்துட்டா அவமானம்னு அவரே கை நீட்டி டிரா குடுத்தாருன்னு."

ஆட்டத்தை எனக்குக் கொடுத்தான், அது போதாதென்று பேரையும் கொடுத்திருக்கிறான். ஜன்னலில் நின்று அவன் அப்பா தப்பாகப் பார்த்ததை அவன் திருத்தவே இல்லை. ஆறு மாதமாக அந்த வீட்டில் முதலில் என் தட்டில் விழுந்த கறித்துண்டெல்லாம் இதற்குத்தானா? ஷட்டரை இழுத்துவிட்டு, கடிகாரத்தைக் கவரில் போட்டு பைக்கில் மாட்டிக்கொண்டு அப்படியே கிளம்பினேன்.

மாமனார் வீட்டில் எல்லோரும் சொர்ணவாரிப் பருவத்து நெல்லுக்குக் களை எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். மச்சானும் இருந்தான். என்னைப் பார்த்ததும் ஈரக் காலோடு எழுந்து நின்றான்.

"வாங்க மாப்ள, இன்னா இந்நேரத்துல?"

நான் உட்காரவில்லை. நின்றபடியே கொட்டிவிட்டேன். "மாமா, அன்னிக்கி நான் ஜெயிக்கல. நான் தோத்துட்டேன். அவன் சொல்லிக்குடுத்த தப்பயே அவன்கிட்ட போயி பண்ணேன். அவனுக்குத்தான் ஆட்டம். நாலுக்குள்ள வந்திருப்பான். நீங்கள்லாம் பாத்துக்கினு இருக்கீங்களேன்னு வெக்கப்பட்டு நான்தான் கைய நீட்டுனேன். அவன் எனக்காக விட்டுக் குடுத்தான். நான் அவனுக்கு ஒண்ணும் குடுக்கல."

சொல்லிவிட்டேன். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே திரும்பி மாமியாரைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரு. ஜெயிச்சத விட்டுக் குடுத்தாரு. இப்ப அதயும் இல்லன்னு சொல்லிக்கினு வெயில்ல வந்து நிக்கிறாரு. எந்த வூட்டு மாப்ளடி இப்டி கீறாரு?"

"இல்ல மாமா, நெஜமா..." எனக்குக் கோபமே வந்துவிட்டது. "டேய், நீயாச்சும் சொல்லுடா! யாருடா ஜெயிச்சது?"

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு, "மாமா சும்மா சொல்றாருப்பா," என்றான்.

என்னிடம் மிச்சம் இருந்தது ஒன்றுதான். மாப்பிள்ளை கேட்டால் இல்லை என்று சொல்லாத வீடு அது. "சரி, யாரு ஜெயிச்சா இன்னா. மாமா, நான் ஒண்ணு கேக்கறேன். அவனுக்கு ஞாயித்துக்கெயமையத் திருப்பிக் குடுங்க. அவன் ஆடட்டும்," என்றேன்.

"இவ்ளோதானே? நீங்க கேட்டு நான் இல்லன்னு சொல்லுவனா?" மாமனார் மகன் பக்கம் திரும்பினார். "டேய், மாமா கேட்டுட்டாரு. போயி ஆடு."

எனக்கு அந்த ஒரு நொடி நெஞ்சு நிறைந்துபோனது. கவரிலிருந்து கடிகாரத்தை எடுத்து நீட்டினேன்.

அவன் வாங்கவில்லை. "வேணாம்பா," என்றான். என்னைப் பார்த்து இல்லை, அப்பாவைப் பார்த்து. அந்த வீட்டில் மாப்பிள்ளையின் பேச்சுக்கு ஒருவர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "நாலுக்குள்ள வந்தா ஆடறேன்னு சொன்னேன். வரல. யாரும் கேட்டு வாங்கித் தந்து நான் ஆட வேணாம்."

மாமனார் "மரியாத தெரியாத பய" என்று அவனைத் திட்ட ஆரம்பித்தார். நான் தடுத்தேன். மாமியார் சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார். இலை போட்டார்கள். எனக்குத்தான் முதலில் பரிமாறினார்கள்.

கிளம்பும்போது அவன் வழியனுப்ப பைக் வரைக்கும் வந்தான். கடிகாரம் இருந்த கவரை அவனே ஹேண்டில்பாரில் மாட்டி, ஆடாமல் இருக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். நான் கிக்கரை உதைக்கப்போன நேரத்தில்தான் பேசினான். குரலில் கோபம் இல்லை. ஆறு மாதத்தில் அவன் என்னிடம் சொன்ன ஒரே குறை அதுதான். அதற்கு அப்புறமும் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

"அந்த பிஷப்ப மட்டும் எடுக்காதீங்கன்னு சொல்லியிருந்தேனே மாமா."

"சொன்னடா," என்றேன். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.